கிரீடத்துக்குத் துணைக்குப் போனேன்

பெல்ட்டை அப்படி இழுக்காதீங்க அம்மிணி, சிக்கிக்கும். இந்த நாக்கைப் புடிச்சு இதுக்குள்ள சொருகுங்க. டிக்குன்னு கேட்டுச்சா? அவ்வளவுதான். மொதத் தடவையா? மொகத்தைப் பாத்தாலே தெரியுது. வெசனப்படாதீங்க. மேல ஏறும்போது காது அடைக்கும், எச்சி முழுங்கிக்கிட்டே இருந்தாச் செரியாப் போயிரும். நான் ஏறாத ப்ளேனு இல்லீங்க.

சிங்கப்பூருக்கு வேலைக்கா? நல்லதுங்க. நான் அங்க எறங்கி இன்னொண்ணு மாறணும். பிலிப்பைன்ஸ்ல செபுன்னு ஒரு தீவு. எங்க சம்மு அங்கதான் இருக்கறா. சம்யுக்தா. பேரு எங்கியோ கேட்டாப்புல இருக்குதுங்களா? கிரீடம் வெச்ச புள்ளைங்க. மிஸ் மெரிடியன்னு ஒரு போட்டி, எழுவது நாட்டுப் புள்ளைக வரும். அந்தப் பட்டம் வாங்குனவ. நம்ம வெள்ளகோயில் மாவு மில்லுக்காரர் மக.

எனக்கு என்ன ஒறவுன்னு கேக்கறீங்களா? அதுதாங்க செரமம். மருமகளா வரவேண்டியவ. வரல. இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். ப்ளேனுக்குள்ள நீங்களும் எங்க எந்திரிச்சுப் போயிருவீங்க.

என்ற பேரு துளசிமணி. காங்கயத்துக்கிட்டக் கொப்பரைக் களம் வெச்சிருக்கறேன். தேங்காயை ஒடைச்சு வெயில்ல காய வெச்சு எண்ணெய் ஆலைக்கு அனுப்பற சோலி. வீட்டுக்காரரு காலமாகி ரொம்ப வருசமாச்சு. ஒரே பையன், கௌரிசங்கர். கோயமுத்தூர்ல பேங்க்குல இருக்கறான். களமுண்டு பையனுண்டுன்னு நான் கம்முனு கெடந்தவங்க. பழனி தாண்டி ஒரு ஊரு பாத்ததில்லை. பாக்கோணும்னு ஆசையும் இல்லை. இப்பவும் இல்லீங்க, நம்புங்க.

சம்முவை ஒரு கல்யாணத்துலதான் மொத மொதல்லப் பாத்தேன். பந்தியில எனக்கு எதிர் வரிசையில ஒக்காந்து ரெண்டாந் தடவை பாயசம் வாங்கிக் குடிச்சுக்கிட்டு இருந்தா. நல்ல ஒசரம். நல்ல கறுப்பு. பக்கத்துல இருந்தவ என்ற காதுல சொன்னா, "அழகிப் போட்டிக்குப் போன புள்ளைங்க்கா. பிலிப்பைன்ஸ் வரைக்கும் போயி ரெண்டாவதா வந்திருக்குது."

கேட்டதும் எனக்குப் புடிச்சுப்போச்சு. ஏன்னு கேளுங்க. மொதப் பரிசுக்காரி நமக்கு ஆகாது. நாடு நாடாக் கூப்புடுவாங்க, வீட்டுல தங்காது. பரிசே வாங்காதவன்னா, காலம் பூரா மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருப்பா. ரெண்டாவதுங்கறதுதான் குடும்பத்துக்குச் செரியான எடம். அழகும் ஆச்சு, அடக்கமும் ஆச்சு. அதுவுமில்லாம போட்டி முடிஞ்சு வந்து, கம்முனு ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரில வேலைக்குப் போயிட்டு இருந்தா. பிசியோதெரபி. கை காலு வெளங்காதவங்களைப் பயிற்சி குடுத்து நடக்க வெக்கற படிப்புங்க.

பொண்ணு கேட்டுப் போனேன். அவங்கம்மா கலாமணி பயந்த சுபாவம். "எம் மக உங்க பையனை விடக் கொஞ்சம் ஒசரங்க"ன்னு என்னமோ களவு செஞ்சவளாட்டம் சொன்னா. "ஒசரமா இருந்தா அட்டாலில இருக்கற சாமானை எடுத்துக் குடுப்பா, விடுங்க"ன்னேன். என்ற பையனைக் கேட்டதுக்கு, "உன் இஷ்டம்மா"ன்னான். எப்பவும் அப்படித்தாங்க அவன், அம்மா பேச்சைத் தட்ட மாட்டான். நிமுந்துகூடப் பாக்கல, செல்போனுல யாருக்கோ டைப் அடிச்சுக்கிட்டே சொன்னான். பேங்க்குல அவ்வளவு வேலை.

உப்புச் சர்க்கரை மாத்தி நிச்சயம் பண்ணி, மண்டபம் புடிச்சு, பத்திரிகை பாதி ஊருக்குக் குடுத்தும் ஆச்சு. ஒரு நாள் காலைல களத்துல கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்கறேன், சம்மு ஸ்கூட்டர்ல வந்து எறங்குறா.

"ஏனுங்கத்தை, சித்த உள்ள வாங்க. ஒரு விசயம் பேசோணும்."

"இங்கயே சொல்லு கண்ணு. வெயிலு போறதுக்குள்ள இதை முடிக்கோணும்."

அவளும் ஒரு பலகையை எடுத்துக்கிட்டு எம் பக்கத்துல நின்னு தள்ள ஆரம்பிச்சா. தள்ளிக்கிட்டே சொன்னா, "போன வருசம் கிரீடம் வாங்குனா பாருங்க, பிரேசில் பொண்ணு லூயிசா, அவ யாருக்கும் சொல்லாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டாளாம்."

"நல்லதுதான? வயசுப் புள்ளை."

"கிரீடம் கையில இருக்கற வரைக்கும் கல்யாணம் ஆகப்படாதுங்கத்தை. அது அவங்க சட்டம். அதனால கிரீடத்தைத் திருப்பிக் குடுத்துட்டா. அடுத்தது நான்தான். எனக்கு வருது. பாக்கி ஏழு மாசம் இருக்குது. அந்த ஏழு மாசம் எனக்கும் கல்யாணம் ஆகப்படாது."

"வேண்டாம்னு சொல்லிரு."

"வேணும்னு சொல்லிட்டனுங்கத்தை."

வெடுக்குனு சொல்லலீங்க. மெதுவாத்தான் சொன்னா. ஆனாத் தலையைக் குனியல. "அம்மா அப்பாகிட்ட இன்னும் சொல்லல. மொதல்ல உங்ககிட்டத்தான் வந்தேன். நீங்க கல்யாணத்தை நிறுத்தறதுன்னாலும் நிறுத்திக்குங்க. எம்மேலதான் தப்புன்னு ஊருக்குச் சொல்லிக்குங்க. ஆனா இதை என்னால விட முடியாது."

நான் போட்டேன் பாருங்க ஒரு சத்தம். களத்துல இருந்த பொம்பளைக எல்லாம் வேலையை விட்டுட்டு நின்னு பாத்தாங்க. "அடுத்தவ வேண்டாம்னு எறக்கி வெச்ச கிரீடம் உனக்கு எதுக்குடி?"ன்னு கேட்டேன்.

அதுக்கு அவ சொன்னா, "அன்னைக்கு மேடைல எங்க ரெண்டு பேரைக் கையக் கோத்து நிக்க வெச்சாங்கத்தை. லூயிசா பேரைச் சொன்னதும் நான் சிரிச்சேன். ரெண்டாவதா வந்தும் என்ன அழகாச் சிரிக்கறான்னு எல்லாரும் சொன்னாங்க. அன்னைலருந்து எனக்கு நெசமாச் சிரிப்பு வந்தாக்கூட அந்தச் சிரிப்பாட்டமே இருக்குது."

எனக்கு அது புரிஞ்சுதா புரியலையான்னு தெரியலீங்க. பொசுக்குனு வாயில வந்துச்சு, "செரி. ஆனா நானும் வருவேன்."

"எங்கீங்கத்தை?"

"நீ போற எடத்துக்கெல்லாம். நிச்சயம் பண்ணுன புள்ளையை ஒத்தைல ஊரு ஊரா அனுப்புனா ஒறம்பறைச் சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க?"

பலகையைக் கீழ போட்டுட்டு ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டா. கொப்பரைப் பிசுக்கெல்லாம் அவ துணி மேல. பாவம், என்ற சத்தத்துல பயந்துட்டா. எதுத்துப் பேச முடியல.

என்ற பையன்கிட்டப் பயந்துக்கிட்டேதான் சொன்னேன். அவன் மொகத்தைப் பாக்கோணும் நீங்க! "தாராளமாப் போயிட்டு வாம்மா. ஏழு மாசம்னு அவசரமே படாத, ஒரு வருசம் ஆனாலும் செரி"ன்னான். இப்படி ஒரு பையன் யாருக்குங்க கெடைப்பான்?

மண்டபம் புடிச்சது புடிச்சபடி கெடக்குது. பத்திரிகை வாங்குனவங்க வேற வருவாங்க. போட்டி நடத்தறவங்க சார்புல கிரீடம் கொண்டுக்கிட்டு வர்ற அம்மா பேரு எலினா. கோயமுத்தூர்ல பெரிய ஹோட்டல்ல வெச்சுக்கலாம்னு சொல்லியிருக்கறா. சம்மு, "எங்க ஊரு மண்டபத்துலதான்"னு சொல்லிட்டா. அதே முகூர்த்த நாளு, அதே மேளம், அதே பந்தி. மாப்பிள்ளை மட்டும் இல்லை. அவன் பேங்க்குல லீவு கெடைக்கலைன்னுட்டான்.

இதை ஒண்ணு சொல்லோணும் அம்மிணி. அது கல்யாணமா இருந்திருந்தா நான் மேடைல முன்னால நின்னிருக்க முடியாதுங்க. வீட்டுக்காரரு இல்லாதவ நானு. தாலியைத் தொட்டுக் குடுக்கறது, ஆரத்தி எடுக்கறது எல்லாம் வேற ஆளுக செய்வாங்க. என்ற பையன் கல்யாணமே ஆனாலும் நான் தூணுக்குப் பின்னாடிதான். அதை நான் பெருசா நெனைச்சதுமில்லை. மொறைன்னா மொறைதான.

அன்னைக்கும் பழக்கத்துல தூணுக்குப் பின்னாடியே போயி நின்னுக்கிட்டேன். எலினா கறுப்புப் பொட்டியத் தொறந்து கிரீடத்தை எடுத்தா. வெளக்கு வெளிச்சத்துல அது மின்னுன மின்னுல மேளக்காரர் அடிக்கறதை நிறுத்திட்டாரு. முந்தி செயிச்சவதான் வெக்கோணுமாம், அந்த லூயிசா வரல. அதனால பெத்தவ வெக்கட்டும்னாங்க. கலாமணி கையில வாங்குனா, வாங்குன வேகத்துல எலினாகிட்டயே திருப்பி நீட்டறா. "எனக்கு வராது கண்ணு"ன்னு அழுக ஆரம்பிச்சுட்டா.

சம்மு மைக்கை வாங்கி, "எங்க அத்தை வந்து வெக்கட்டும்"னா.

மண்டபமே திரும்பி என்னைப் பாக்குது. எங்க கொழுந்தனார் சம்சாரம் பக்கத்துல இருந்தவகிட்ட என்னமோ முணுமுணுக்கறா. நான் தூணை இன்னும் ஒட்டி நின்னுக்கிட்டேன். சம்மு மேடைல இருந்து எறங்கி, அந்த நீளக் கவுனைக் கையில தூக்கிக்கிட்டு, தூணுக்குப் பின்னாடி வந்து என்ற கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனா. என்ற ஒசரத்துக்கு எட்டாதுன்னு முட்டிக்கால் போட்டுக் குனிஞ்சா. நான் தூக்கித் தலைல வெச்சேன்.

முன்னால பின்னால மாத்தி வெச்சுட்டனுங்க! எனக்கென்ன தெரியும்? ஒசந்த பக்கம் பின்னால போயிருச்சு. எலினா "நோ நோ"ன்னு ஓடி வர்றதுக்குள்ள போட்டோ எடுத்துட்டாங்க. சம்மு விழுந்து விழுந்து சிரிக்கறா. போட்டோக்காரருக கேட்டுச் சிரிக்கற சிரிப்பில்லைங்க அது, வாயி கோணிக்கிட்டு, கண்ணுல தண்ணி வந்து, கலாமணி மேல சாஞ்சுக்கிட்டு. அந்தப் போட்டோதான் ஊரு ஒலகமெல்லாம் போச்சு. கிரீடம் திரும்பியிருக்குது, புள்ளை சிரிக்குது, பக்கத்துல நான் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு. எனக்கு அவமானமாத்தான் இருந்துச்சு. காங்கயத்துல ஸ்டுடியோக்காரன்கிட்டச் சொல்லிப் பெருசாப் போட்டுக் கூடத்துல மாட்டியிருக்கறேன். சும்மா, செவுத்துல ஒரு வெடிப்பு இருந்துச்சு, மறைக்கறதுக்கு.

சோறு வந்திருச்சு பாருங்க. அந்தச் சின்ன டப்பாவைத் தொடாதீங்க, புளிப்பா இருக்கும். இந்தா, புளிச்சோறு கொண்டாந்திருக்கறேன், கொஞ்சம் போட்டுக்குங்க.

அப்பறம் ஏழு மாசம் அலைச்சலுங்க. என்ற டிக்கெட்டு என்ற செலவு, அது வேற. நைரோபி, லீமா, மணிலா, செபு. நான் போனது காவலுக்கு, அதனால எதையும் பாக்கலீங்க. லீமாவுல கடலு ஊதா நெறத்துல இருக்குது. ரோட்டுக்குக் கீழ பெரிய செங்குத்துப் பாறை, அதுக்குக் கீழ அலை. சாயங்காலமானா ஆளுக பாறை மேலருந்து பெரிய குடையாட்டம் ஒண்ணைக் கட்டிக்கிட்டுக் காத்துல மெதக்கறாங்க. நைரோபில ஒட்டகச்சிவிங்கி நாம காலைல டீ குடிக்கறப்ப ஜன்னல் வழியா மூஞ்சியை நீட்டுது. நாக்கு கரும் ஊதா. உப்பு இருக்குதான்னு என்ற கையை நக்குச்சு. இதெல்லாம் கண்ணுல தானா விழுந்ததுங்க. நான் தேடிப் போயிப் பாக்கல.

எலினாவுக்கு என்னை ஆகவே ஆகல மொதல்ல. "மேடம், நீங்க ரூம்ல ரெஸ்ட் எடுங்க"ம்பா. நான் எங்க ரெஸ்ட் எடுக்கறது? சம்மு காலைல எந்திரிச்சா நான் சுடுதண்ணி வெச்சுக் குடுப்பேன். ராத்திரி குதிகாலுச் செருப்பைக் கழட்டுனா காலு வீங்கியிருக்கும், எண்ணெய் போட்டு நீவி விடுவேன். அவ எத்தனை பேருக்குக் காலு நீவி விட்ட புள்ளை! அவளுக்கு நீவி விட ஒரு ஆளு வேண்டாமா? 

ஒரு ஊருல, ஊரு பேரு வேண்டாம், மத்தியான விருந்து. சென்டு கம்பெனி மொதலாளி ஒருத்தரு. அதுக்கு முந்தி போட்டோ எடுக்கறப்பவே பாத்தேன், அந்தாளு கை சம்மு முதுகுல இருந்து எறங்கவே இல்லை. சம்மு சிரிச்சுக்கிட்டே நகர்றா, கையும் கூடவே நகருது. விருந்து மேசைல பாத்தா அவரு நாற்காலிக்குப் பக்கத்துல சம்மு பேரு போட்ட அட்டை. நான் போயி அதுல ஒக்காந்துட்டேன்.

எலினா ஓடி வந்து, "மேடம், மேடம், பேரு..."ங்கறா.

"நோ"ன்னேன். எனக்கு அப்பத் தெரிஞ்ச இங்கிலீசு அவ்வளவுதான்.

அந்தாளு மொகம் போன போக்கைப் பாக்கோணுமே. நான் அவருகிட்டத் தமிழ்லயே பேச ஆரம்பிச்சேன். தேங்கா எத்தனை மாசத்துல முத்தும், கொப்பரை எத்தனை வெயிலுக்குக் காயும், மழை வந்தா எப்படி மூடறது, எண்ணெயில எது மொதத் தரம். மேசைக்கு அந்தக் கடைசில இருந்து சம்மு ஒவ்வொண்ணா இங்கிலீசுல சொல்றா. எல்லாரும் கரண்டியை வெச்சுட்டுக் கேக்கறாங்க. அவரு "யெஸ், யெஸ்"னு எந்திரிக்கப் பாத்தாரு. நான் தோளைப் புடிச்சு ஒக்கார வெச்சு, "இன்னும் புண்ணாக்கு இருக்குதுங்க"ன்னேன். முடிக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு.

திரும்பி வர்றப்பக் கார்ல சம்மு சிரிச்சுக்கிட்டே வந்தா. பாதி வழில சிரிப்பு நின்னுபோச்சு. "போட்டிக்கு வந்தப்ப இதே மாதிரி ஒரு ஆளு பக்கத்துல ஒக்கார வெச்சாங்கத்தை. அப்ப நான் தனியா இருந்தேன்"னா. தலையை என்ற மடில வெச்சுப் படுத்துக்கிட்டா. எலினா முன் சீட்டுல இருந்து திரும்பிப் பாத்துட்டு, கர்ச்சீப்பை எடுத்து எங்கையில குடுத்தா. அதுக்கப்பறம் அந்த மாதிரி ஆளு எவனாவது வந்தா எலினாவே என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி அவன் பக்கத்துல ஒக்கார வெச்சிருவா. "கோகனட், மேடம்"னு காதுல வேற சொல்லுவா.

கடைசியாத்தான் செபு. அங்க கை காலு வராத கொழந்தைகளுக்கு ஒரு இல்லம். கிரீடத்தோட போயி, மிட்டாய் குடுத்து, போட்டோ எடுத்துட்டு வர்றதுதான் ஏற்பாடு. அங்க அனலின்னு ஒரு பொட்டப்புள்ளை, ஆறு வயசு இருக்கும். செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. சம்மு அதை ஒரு நிமிசம் பாத்தா. கிரீடத்தைக் கழட்டி என்ற மடில வெச்சா. அந்த வெள்ளைக் கவுனோட தரைல ஒக்காந்து, அந்தப் புள்ளை காலை எடுத்துத் தொடை மேல வெச்சுக்கிட்டா. எலினா கடியாரத்தைக் காட்டறா. சம்மு காதுலயே வாங்கல. இப்படி மடக்கு, இப்படி நீட்டுன்னு அது பாசை வேற, இவ பாசை வேற, ஆனா அது செய்யுது. போட்டோக்காரங்க எல்லாம் போயிட்டாங்க. நான் கிரீடத்தை மடில வெச்சுக்கிட்டு நாற்காலில ஒக்காந்திருக்கறேன். அவ மொகத்தைப் பாத்தேன். மேடைல கூட அப்படி ஒரு மொகம் பாத்ததில்லைங்க.

அடுத்த நாளு எனக்கு ஒரு அதிசயம் நடந்துச்சு. இல்லத்துக்குப் பின்னால ஒரே தென்னந்தோப்பு. எங்கியோ பொகை வருது, வாசம் தெரிஞ்ச வாசமா இருக்குது. போயிப் பாத்தா ஒரு அம்மா தேங்காயை ஒடைச்சு மூங்கில் தட்டி மேல பரப்பிக் கீழ நெருப்புப் போட்டுக் காய வெக்கறா. அங்க மழை சாஸ்தி, வெயிலை நம்ப முடியாது போல. நான் கையக் காட்டி, "கொப்பரை?"ன்னேன். அந்தம்மா என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "கொப்ரா!"ங்கறா. நான் "கொப்பரை!"ங்கறேன். "கொப்ரா!"ங்கறா. ரெண்டு பேரும் ஒட்டுக்காச் சிரிச்சோம் பாருங்க. பேரு ரோசாலிண்டா. பொழுது சாயற வரைக்கும் அவ கூட ஒக்காந்து தேங்கா ஒடைச்சேன். சம்முவைக் காவல் காக்கறதுதான் என்ற சோலி, அன்னைக்கு மறந்தே போச்சு. அவதான் என்னைத் தேடிக்கிட்டு வந்தா.

ஏழு மாசம் முடிஞ்சு, சம்மு அடுத்த புள்ளைக்குக் கிரீடம் வெச்சா. நேராத்தான் வெச்சா. ஊருக்கு வந்தோம். சினிமாக்காரங்க வந்தாங்க. ஒரு படத்துல நடிச்சா, கதாநாயகனுக்கு அக்கா. படம் ஓடல. நான் மூணு தடவை பாத்தேன். ஜவுளிக்கடை விளம்பரத்துக்குச் சேலை கட்டிக்கிட்டு நின்னா. நான் ஜோசியரைப் பாத்து நாளு குறிச்சுக்கிட்டு வந்தேன்.

குறிச்சுக்கிட்டு வந்த அன்னைக்கு, கௌரியும் சம்முவும் ஒட்டுக்கா ஒரே வண்டில களத்துக்கு வர்றாங்க. எனக்குச் சந்தோசம் தாங்கல. சோடி பொருத்தம் பாருடின்னு வேலைக்காரிகிட்டச் சொன்னேன்.

கௌரிதான் ஆரம்பிச்சான். "அம்மா, எனக்கும் சம்முவுக்கும் வேண்டாம்மா. நாங்க பேசிக்கிட்டோம்."

பேங்க்குல கூட வேலை பாக்கற புள்ளையாம். பிருந்தா. நிச்சயத்துக்கு முந்தியிருந்தே பழக்கமாம். "ஏண்டா அப்பவே சொல்லல?"ன்னா, "நீ எங்கம்மா கேட்ட?"ங்கறான். பாருங்க அநியாயத்தை. உன் இஷ்டம்னு சொன்னது யாரு?

நான் அவனை விட்டுட்டேன். சம்முவைப் பாத்து, "நீயும் கூடச் சேந்துக்கிட்டயாடி?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு முந்தானையை எடுத்துக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். பையன் கல்யாணம் நின்னதுக்கு இல்லீங்க. பையன் கல்யாணம் யாரோடயாவது நடக்கும். இவ இனி என்னை என்ன மொறைல கூப்புடுவான்னு நெனைச்சேன். ஏழு மாசம் ஒரே ரூமு, ஒரே சீப்பு. நாளைக்கு ரோட்டுல பாத்தா "நல்லாருக்கீங்களா"ன்னு கேட்டுட்டுப் போயிருவாளா?

அவ எம் பக்கத்துல வந்து ஒக்காந்தா. "உங்க பையனைத்தான் வேண்டாங்கறேன் அத்தை. உங்களை வேண்டாங்கல"ன்னா.

"போடி"ன்னேன். கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரு கூடவும் பேசல. எத்தனை நாளுன்னு தெரியாது, அவ தெனமும் போன் பண்ணுவா, நான் எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டுப் பேசாம இருப்பேன். அவ பாட்டுக்குப் பேசுவா. செபு இல்லத்துல வேலைக்குக் கூப்புட்டிருக்கறாங்க, போகட்டுமான்னு கேட்டா. அதுக்கு அங்க இன்னும் படிக்கோணும், பரிச்சை எழுதோணும்னா. நான் வாயத் தொறந்தேன். "ரோசாலிண்டாவைக் கேட்டதாச் சொல்லு"ன்னேன்.

இப்ப மூணு வருசமாச்சு. இல்லத்துல அவதான் மேல்பொறுப்பு. கிரீடம் வெச்ச பொண்ணு வந்து கேட்டாக் கதவு தொறக்குது பாருங்க, அந்தத் தீவுல இன்னும் ரெண்டு எடத்துல இல்லம் ஆரம்பிச்சிருக்கறாங்க. அனலின் இப்ப ஓடறா. எனக்குப் போன்ல வீடியோ வரும். பிருந்தா நல்ல புள்ளைங்க, கௌரியைக் கட்டி மேய்க்கறா. களத்தையும் பாத்துக்கறா. "அத்தை, நீங்க வருசத்துக்கு எத்தனை தடவைதான் செபு போவீங்க?"ன்னு சிரிப்பா. எனக்கென்னம்மா அலையோணும்னு ஆசையா? அங்க ஒரு புள்ளை தனியாக் கெடக்குதே, போயிப் பாக்கறது கடமைதானுங்க?

இந்தத் தடவை போறது வேற விசயம். சண்டை போடப் போறேன். கேளுங்க இதை. அந்தத் தீவுல வருசா வருசம் அவங்க ஊருத் திருவிழா, நோம்பி வரும். தேரு, கூத்து, பாட்டு எல்லாம் நம்ம மாரியாத்தா நோம்பியாட்டமேதான். அதுல அம்பத்தஞ்சு வயசு தாண்டுன பொம்பளைகளுக்குன்னு ஒரு அழகிப் போட்டி நடத்தறாங்களாம். ரோசாலிண்டா போன வருசம் நின்னு மூணாவதா வந்தா. இந்த வருசம் இந்தச் சம்மு என்னையக் கேக்காம என்ற பேரைக் குடுத்துட்டா!

நான் போன்லயே புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். "என்ற வயசென்ன, நெலமை என்ன, ஒறம்பறையில தெரிஞ்சாச் சிரிப்பாங்க, பேரை எடுத்துரு"ன்னேன். "எடுக்க முடியாதுங்கத்தை, நேர்ல வந்துதான் எடுக்கோணும்"ங்கறா. அதுக்குத்தான் போறேன். வேறெதுக்கும் இல்லை. போயி, பேரை எடுத்துட்டு, நாலு வார்த்தை திட்டிட்டு வந்திருவேன்.

மேல பையில இருக்கறதா? பட்டுச்சேலைங்க. மூணு. அங்க மழை சாஸ்தி, குளுருனாப் போத்திக்கலாம்.

பேரை எடுக்க விடாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு ஒரு ரோசனை இருக்குது, அதுக்காகக் கொஞ்சம் தயாரா இருக்கறதுல தப்பில்லை பாருங்க. மேடைல நடக்கறதோட விட மாட்டாங்களாம், கேள்வி வேற கேப்பாங்களாம். ரோசாலிண்டாகிட்ட, "உங்க வாழ்க்கைல பெரிய சந்தோசம் எது?"ன்னு கேட்டாங்களாம். எங்கிட்டயும் அதைக் கேட்டா என்ன சொல்றதுன்னு களத்துல நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். "என்ற பையன் பொறந்தது"ன்னு சொல்லோணும்னுதான் நெனைக்கறேன். வாயத் தொறந்தா, "என்ற பையன் கல்யாணம் நின்னது"ன்னு வருது.

சிரிக்காதீங்க அம்மிணி. அப்படியெல்லாம் சபைல சொல்லப்படாதுல்ல?

அட, சொன்னாத்தான் என்ன!

சித்தக் காலை மடக்கிக்குங்க, நான் வெளிய வர்றேன். இந்தச் சந்து நல்ல நீளமா இருக்குது. அந்தக் கடைசி வரைக்கும் நடந்து, திரும்பி வர்றேன். திரும்பற எடத்துல ஒரு நொடி நிக்கோணும், இடுப்புல கை வெக்கோணும், அதுதான் எனக்குச் செரியா வர மாட்டீங்குது. நீங்க மொகத்தைப் பாக்க வேண்டாம். முதுகு நேரா இருக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.